சிவில் படிக்கும் மகள் சர்வர் கணக்கு கற்கலாமா?

ஐயா, மகள் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பாலங்களை சென்சார் வைத்துக் கண்காணிக்கும் வேலைக்குப் போக ஆசைப்பட்டு பைதான் நிரல்மொழி, சர்வர் (தரவை வாங்கிச் சேமிக்கும் கணினி) என்று உட்கார்ந்திருக்கிறாள், இரண்டும் கெட்டானாகப் போய்விடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். சிவிலை விடாத வரை பயமே வேண்டாம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்டில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே திறந்த புதிய பாலத்தில் 300க்கும் மேற்பட்ட சென்சார்களைப் பொருத்தினார்கள். இப்படி ஓயாமல் வரும் தரவைத் தாங்க எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்? கணினி மட்டும் படித்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதிர்வு சென்சார் ஒன்று மூன்று திசைகளில் நொடிக்கு 100 முறை அளக்கிறது, ஒவ்வொரு அளவும் 4 பைட் என்று வையுங்கள். நாளுக்கு சுமார் 104 மெகாபைட். அதுபோல் 200 இருந்தால் ஆண்டுக்கு ஏழரை டெராபைட். வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலே போதும், அந்தத் தரவு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பாலத்துக்கு நொடிக்கு 50 முறை போதுமா என்பதை அது எப்படி அதிரும் என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும். போதும் என்றால் தரவு பாதியாகிவிடும்.

அப்புறம், சராசரியை நம்பி சர்வர் வாங்கக் கூடாது. நிலநடுக்கம் வந்தால், பெரிய அதிர்வின்போது மட்டும் அனுப்பும்படி வைத்த சென்சார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்பும். அறுந்த இணைப்பு மீண்டாலும் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக வந்து விழும். பாலத்தின் நிலை உடனே தெரிய வேண்டிய நேரமும் அதுதான். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணிக்கும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, சர்வர் 50 சதவீதம் வேலையில் இருந்தால் ஒரு வேலை முடிய, காத்திருப்பும் சேர்த்து, வழக்கமாக அந்த வேலைக்கு மட்டும் ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகும். 90 சதவீதத்தில் பத்து மடங்கு. இதைப் புரிந்துகொண்டு திட்டமிடத் தெரிந்த சிவில் பட்டதாரிகள் குறைவு.

ஐடி அளவுக்கு இதில் வேலைகள் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே கேட் தேர்வுக்குத் தயாராகட்டும்; கட்டமைப்புப் பொறியியலில் எம்.டெக். சேர்ந்தால் கதவுகள் கூடும். சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் (சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி) இப்படிப் பாலங்களைக் கண்காணிக்கும் ஆராய்ச்சியைச் செய்கிறது. கட்டமைப்பு இயக்கவியலையும் நிகழ்தகவையும் ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடெல்லில் இலவசமாகவே படிக்கலாம்.

இறுதியாண்டு புராஜெக்டை இப்போதே யோசிக்கச் சொல்லுங்கள். அவள் போனிலேயே அதிர்வு சென்சார் இருக்கிறது. அனுமதி வாங்கி ஒரு நடைமேம்பாலத்தில் வைத்து அளக்கட்டும். எவ்வளவு தரவு வரும் என்று முன்பே கணக்குப் போட்டு, வந்தது எங்கே, ஏன் வேறுபட்டது என்று இரண்டு பக்கம் எழுதி வைக்கட்டும். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு அதையும் காட்டலாம்.