ஓடாத காரில் ஆயில் ஃபில்டர் கிழிந்தது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு டீசல் கார் நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்போம். மூன்று வருடத்தில் 4,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒரு நாள் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவார். போன மாதம் காரைக்குடியில் ஆயில் மாற்றக் கொடுத்தபோது, ஃபில்டர் பேப்பர் கிழிந்து உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. 'மட்டமான ஃபில்டர் சார்' என்கிறார் மெக்கானிக். புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் என்றுதானே போட்டிருக்கிறது? ஃபில்டரை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: மெக்கானிக் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த வாராந்திரப் பத்து நிமிடத்தின் மேல். வண்டி கெட்டுப்போகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்கிற வேலை அது. செட்டிநாட்டில் பூட்டிய வீடுகளில் நிற்கும் பல கார்களுக்கு இதே வைத்தியம்தான் நடக்கிறது.

முதலில் பேப்பர் ஏன் கிழிகிறது என்று பார்ப்போம். இன்ஜினில் ஆயில் பிரஷர் 3, 4 பார் (பிரஷரை அளக்கும் அலகு) இருக்கிறது, அதுதான் கிழிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கண்மாய் மடைப் பலகைக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வற்றினால்தான் பலகை வளையும். ஃபில்டரிலும் ஆயில் வெளிப்பக்கமிருந்து பேப்பர் வழியாக நடுவுக்குப் போகிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள பிரஷர் வித்தியாசம்தான் பேப்பரைத் தள்ளும். உங்கள் பேப்பர் உள்பக்கமாக மடங்கியிருப்பதே அதற்குச் சாட்சி.

இந்த வித்தியாசம் எல்லை மீறாமல் இருக்க ஒரு பைபாஸ் வால்வு உண்டு. பல கார்களில் 1 பார் சுற்றுவட்டத்தில் அது திறந்து, ஆயிலை வடிகட்டாமலே இன்ஜினுக்கு அனுப்பிவிடும். அழுக்கு ஆயிலாவது போகட்டும், ஆயிலே இல்லாமல் போகக் கூடாது என்ற கணக்கு. ஆகவே பேப்பர் கிழிய வேண்டுமானால் பேப்பர் பலவீனமாகியிருக்க வேண்டும், அல்லது வால்வு பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் இருந்திருக்க வேண்டும். உங்கள் காரில் இரண்டுமே நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பங்கு சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை விரட்டிவிடும். ஐடிலில் விட்ட டீசல் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் சூடாவதே இல்லை. டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறினாலும் ஆயில் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருக்கும். வாரா வாரம் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் எரியாத டீசல், கொஞ்சம் கரி. மூன்று வருடம் இப்படியே சேர்ந்தால் ஆயில் அமிலமாகும், பிசுக்குக் கட்டும்.

ஃபில்டர் பேப்பர் பெரும்பாலும் மரநார்க் காகிதம்தான். விறைப்புக்காகப் பிசின் ஏற்றிச் சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். ஆயிலையும் சூட்டையும் அது தாங்கும். ஈரமும் அமிலமும் நாள்பட நாள்பட அதைக் கெடுக்கும். நார் ஊறிப் பருத்தால் துளைகள் சுருங்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஆயில் போக வழி குறையும். இந்த நிலையில் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்து உடனே ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்தால் என்ன ஆகும்? நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா என்று கேட்கலாம். 20 டிகிரியில் ஆயில், ஓடிச் சூடான ஆயிலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. புத்தகத்தில் 5W-30 போடச் சொல்லியிருக்க, 'டீசல் வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது' என்று 20W-50 ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். ஊறிய பேப்பர் அந்தத் தள்ளில் பெரும்பாலும் மடிப்பு ஓரத்திலோ ஒட்டு போட்ட இடத்திலோ கிழியும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். வெளிர் பழுப்பில் குழம்பிய பிசுக்கு அப்பியிருந்தால் ஈரம் சேர்ந்தது உறுதி. கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு: ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ கசிகிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சரி, மற்ற காரணங்கள். மட்டமான ஃபில்டரில் பேப்பர் மெல்லிசாக இருக்கும், ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கும். கார் ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 4548 தரநிலையில் இந்தப் பிரஷர் வித்தியாசத்தைத் தாங்குகிறதா என்பதற்கே தனிச் சோதனை உண்டு; போலிகளுக்கு அந்தக் கவலை எல்லாம் கிடையாது. உங்களுடையது மூடியைத் திறந்து பேப்பர் எலிமென்ட்டை மட்டும் மாற்றும் வகை என்று தெரிகிறது. அந்த வகையில் சில மாடல்களில் பேப்பருக்கு முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் கூண்டு நடுவில் இருக்கும். பழைய எலிமென்ட்டோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். கூண்டில்லாத பேப்பர் புதிதாக இருந்தாலும் நிற்காது. உங்கள் மாடலில் கூண்டு உண்டா, இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பழக்கம், பெட்ரோலில் கழுவிக் காற்றடித்து அதே ஃபில்டரைத் திரும்பப் போடுவது. ஸ்பிளெண்டர் மாதிரி பைக்குகளில் இருப்பது கம்பி வலை; அதைக் கழுவலாம், கழுவத்தான் வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் பேப்பர் ஃபில்டரையும் கழுவுகிறார்கள். கம்ப்ரஸர் காற்று கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டுவிடும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. கிழிந்த பேப்பரை மெக்கானிக் இன்னும் வைத்திருந்தால் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல் மட்டும்தானா, துண்டு எதுவும் காணாமல் போயிருக்கிறதா? துண்டு காணவில்லை என்றால் அது இன்ஜினுக்குள் எங்கோ இருக்கிறது. பேப்பரின் நடுவுக்கு வந்த ஆயில் நேராக பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் பிஸ்டனில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளுக்கும் போகும். அந்தச் சின்னத் துளைகளில் நார் அடைத்தால் டர்போதான் பெரும்பாலும் முதல் பலி. அதனால் ஃபில்டர் உட்காரும் கூட்டையும் டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் கழற்றிப் பார்ப்பது செலவுக்குத் தகும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினால் பிசுக்கு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். கடையில் விற்கும் ஃபிளஷ் திரவத்தை இந்த நிலையில் ஊற்ற வேண்டாம். பிசுக்கு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும். புது ஆயில், கம்பெனி ஃபில்டர் போட்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டையும் மறுபடி மாற்றுவதே பாதுகாப்பு.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் புத்தகத்தில் அந்த 10,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் 'அல்லது 1 வருடம், எது முந்துகிறதோ அது' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஓடாத வண்டிக்கு அந்த இரண்டாம் பாதிதான் பொருந்தும். வருடம் ஒரு முறை ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலை மட்டும் மாற்றி ஃபில்டரை விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை. பழைய ஃபில்டருக்குள் தேங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலில்தான் கலக்கும். மிச்சமாகும் காசும் பெரிதில்லை. தினமும் செம்மண் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் 5,000-லேயே மாற்றலாம். அதற்கும் முன்பே மாற்றுவதால் லாபமில்லை. கொஞ்சம் அழுக்குப் பிடித்த ஃபில்டர் புதியதைவிட நுணுக்கமாகவே வடிகட்டும். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். பலவற்றில் 250 மணி என்றிருக்கும், உங்கள் மாடலின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமானால், வாராவாரம் நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்வதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரைக்குடி வரை போய்வரச் சொல்லுங்கள். முதல் சில நிமிடங்கள் மிதிக்காமல் மெதுவாக ஓட்டினால் போதும். ஓட்டத் தெரியாது என்றால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தொடாமல் விடுவதே மேல். ஊருக்கு வந்ததும் வயரை மாட்டி, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு எடுங்கள்.