தச்சர் ஒதுக்கிய பிளானரே போதும்: கழிவு மரத்திலிருந்து கால்நடைப் படுக்கை

கேள்வி: பத்து ஆடுகள், ஐம்பது கோழிகள், ஒரு குதிரை வளர்க்கிறோம். பக்கத்து மரச்சாமான் பட்டறையிலிருந்து துண்டு மரமும், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பழைய பேலட்டுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கொட்டகைக்கு மரச்சீவலைக் காசு கொடுத்து வாங்காமல் நாங்களே செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் சீவல் இயந்திரங்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. குறைந்த செலவில் ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: நீங்கள் விலை பார்த்தது பெரும்பாலும் ஷேவிங் மில்லாகத்தான் இருக்கும். ஒரு நீளப் பெட்டியில் முழு மரக்கட்டைகளை அடுக்கி, கீழே சுழலும் கத்தி உருளைகளின் மேல் அந்தப் பெட்டியை முன்னும் பின்னுமாக ஓட்டும் இயந்திரம் அது. சீவலை மூட்டை கட்டி விற்பவர்களுக்காக, உருட்டுக் கட்டைகளை மனதில் வைத்துச் செய்தது. முழங்கை நீளத் துண்டுகளையும் உடைத்த பேலட் பலகைகளையும் அதில் போட்டால் அவை புரண்டு சிக்கிக்கொள்ளும். ஆகவே அதை மறந்துவிடுங்கள். உங்களிடம் உள்ள மரத்துக்கு அது பொருந்தாது, விலை குறைந்தாலும்கூட.

இயந்திரம் தேடும் முன் அந்தப் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மரச்சாமான் செய்பவரிடம் பலகையை இழைக்கும் இயந்திரமான பிளானர் இல்லாமல் இருக்காது. அதிலிருந்து வரும் சீவல் எங்கே போகிறது? பல பட்டறைகளில் அதை அப்புறப்படுத்துவதே ஒரு தொல்லை. துண்டு மரத்தை எடுத்துவந்து நீங்கள் சீவுவதைவிட, அவர் ஏற்கெனவே சீவியதை மூட்டையாக வாங்கிக்கொள்வது எளிது. ஒரே நிபந்தனை: எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் ஆகியவற்றை அறுத்த தூள் அதே மூட்டையில் கலந்திருக்கக் கூடாது. திட மரம் இழைக்கும் நாளில் தனி மூட்டை மாட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

சரி, அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். உதிரியாகக் கொட்டிய உலர்ந்த சீவல் ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ எடை வரும். ஐம்பது கோழிகளுக்கு 10 சதுர மீட்டர் தளம் என்றால், 8 சென்டிமீட்டர் ஆழ்கூளத்துக்கு 0.8 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 80 கிலோ மரம். குதிரைக் கொட்டடி கதை வேறு. 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறையில் 12 சென்டிமீட்டர் பரப்பினாலே முதல் தடவைக்கு 150 கிலோவுக்கு மேல் போகும். அப்புறம் தினமும் நனைந்ததை அள்ளி, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது பிளானரைப் பாருங்கள். மேசைமேல் வைக்கும் சிறிய திக்னஸ் பிளானர் (பலகையைத் தானே இழுத்து ஒரே கனத்துக்கு இழைப்பது) நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் பலகையை இழுக்கிறது என்று கொள்வோம். 15 சென்டிமீட்டர் அகலப் பலகையில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் சீவினால், இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 50 கிலோ சொச்சம் வரும். பலகையைத் திரும்ப எடுத்து வைப்பது, மூட்டை மாற்றுவது, மோட்டார் ஆற விடுவது எல்லாம் சேர்த்தால் பாதிக்கும் கீழே, 20 கிலோ கிடைத்தாலே நல்லது. கோழிக் கூண்டுக்கு அரை நாள் வேலை. ஆடுகளையும் ஓரளவு சமாளிக்கலாம். குதிரைக்கு இது கட்டாது. அங்கே தரையில் ரப்பர் விரிப்புப் போட்டுச் சீவல் தேவையைக் குறைப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

பிளானர் வாங்குவதில் உங்களுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. தச்சருக்கு வேண்டியது பலகை. உங்களுக்கு வேண்டியது, அவர் பெருக்கித் தள்ளுவது. பலகையின் முனையில் குழி விழுகிறது, மேசை லேசாகச் சாய்ந்திருக்கிறது, கத்தியில் சின்னப் பல் விழுந்து பலகையில் கோடு வருகிறது என்று தச்சர்கள் கழிக்கும் இயந்திரம் உங்களுக்கு முழுசாகப் பயன்படும். மூடப்படும் பட்டறைகளின் ஏலம், பழைய இயந்திரங்களைக் கழித்துவிடும் தொழிற்பயிற்சிப் பள்ளிகள், பழைய இயந்திர வியாபாரிகள் ஆகிய இடங்களில் "மேற்பரப்பு சரியாக வராது" என்ற குறிப்போடு மலிவாக நிற்கும் பிளானரைத் தேடுங்கள்.

ஆனால் சில குறைகளை மட்டும் பொறுக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கத்தி உருளையைக் கையால் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் பேரம் பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கத்தியை இறுக்கும் ஆப்பிலோ திருகிலோ விரிசல் தெரிந்தால் விட்டு விலகுங்கள். பலகையைக் கையால் தள்ளி இழைக்கும் மிகப் பழைய சர்ஃபேஸ் பிளானர்களில் கத்தி உருளை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். கை மாட்டினால் சேதம் மிகக் கடுமையாக இருக்கும் வடிவம் அது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மலிவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணம் த்ரீ ஃபேஸ் மோட்டார். வீட்டு இணைப்பு சிங்கிள் ஃபேஸ் என்பதால் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். 3 எச்.பி. வரையான மோட்டார் என்றால், சிங்கிள் ஃபேஸிலிருந்து த்ரீ ஃபேஸ் தரும் வி.எஃப்.டி. ஒன்றை மாட்டி ஓட்டலாம். இயந்திர விலையோடு அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள். அப்போதும் புதிய பிளானரைவிடக் குறைவாக வந்தால் வாங்கலாம்.

இனி நீளப் பிரச்சினை. திக்னஸ் பிளானரில் முன் ரோலர் பலகையை விடும் முன் பின் ரோலர் பிடிக்க வேண்டும். சிறிய இயந்திரங்களில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டு நடுவில் பிடியில்லாமல் நின்று, கத்தியில் மாட்டித் தெறிக்கும். இயந்திரத்தின் கையேட்டில் குறைந்தபட்ச நீளம் போட்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள துண்டுகளை அனுப்பவே கூடாது. ஒட்டுப் போட்டு நீட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். படுக்கைக்காகப் பசை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குட்டைத் துண்டுகளைத் தனியாகக் குவியுங்கள். அவை அடுப்புக்கோ, மரத்தைச் சில்லாக வெட்டும் சிப்பருக்கோ (கீழே வருகிறது) போகட்டும்.

சிப்பர் பற்றி நிறையப் பேர் தவறான நம்பிக்கையோடு இருக்கிறார்கள். தோட்டத்துச் சிப்பர் பச்சைக் கிளைகளுக்கானது. உலர்ந்து இறுகிய துண்டு மரம் அதன் கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், வருவதும் சீவலாக இருக்காது. கூரிய விளிம்புள்ள கனத்த சில்லு வரும். அது நீரைச் சீவல் அளவுக்கு உறிஞ்சாது. கோழிகள் மேயும் திறந்த வெளிக்கும், ஆட்டுக் கொட்டகை வாசலில் சேறாகும் இடத்துக்கும் சில்லு நன்றாக இருக்கும். ஆடு படுக்கும் இடத்தில் அதை அடித்தளமாகப் போட்டு மேலே சீவலோ வைக்கோலோ பரப்பலாம். இதற்காகச் சிப்பர் வாங்காமல், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சேர்த்துவைத்ததை அரைத்துவிடுங்கள். உலர்ந்த மரம் போடலாமா என்று வாடகைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லை மென்மையாக்க, சுழலும் சுத்தியல்களால் அடித்துப் பொடிக்கும் ஹேமர் மில் உதவும். தீவனம் அரைக்கும் மில் உங்களிடமோ அக்கம்பக்கத்திலோ இருக்கலாம். அதிலுள்ள சல்லடையின் சின்னத் துளைகள் மரத்தை மாவாக்கிவிடும். பெரிய துளைச் சல்லடை மாற்ற முடிந்தால் மட்டும் முயலுங்கள். ஈர மரம் சல்லடையை அடைக்கும், முழுத் துண்டைப் போட்டால் மில் திணறும், முதலில் சிப்பரில் போயிருக்க வேண்டும். இரண்டு இயந்திரம், இரண்டு முறை மின்செலவு, நிறையத் தூசு. குதிரைக்கும் சேர்த்துச் செய்யும் அளவு இருந்தால் யோசிக்கலாம், உங்கள் அளவுக்குத் தேவையில்லை.

பழைய கத்தி உருளையை வாங்கிப் பெட்டிக்கு அடியில் வெல்டிங் செய்து சொந்தமாக ஷேவிங் மில் கட்டும் வீடியோக்களும் சுற்றுகின்றன. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும் உருளையைச் சமன்படுத்தாமல், மறைப்பு இல்லாமல் ஓட்டுவது அது. என் ஒப்புதல் இல்லை.

இயந்திரத்தைவிட எனக்குக் கவலை தருவது மரம்தான். பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, வர்ணம் அல்லது வார்னிஷ் பூசியது, எதுவும் கூடாது. வெளிப்புற வேலிக்கும் தளத்துக்கும் ரசாயனத்தில் பதப்படுத்திய மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் இருக்கலாம். புதிதில் பச்சை நிறம் தட்டும், வெயிலில் வெளிறிச் சாம்பலாகிவிடும், அதனால் நிறத்தை நம்பக் கூடாது. மரத்தைப் பதப்படுத்தும் பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனம் ஏறிய மரச்சீவலைக் கோழிக்குப் பரப்பிய பண்ணைகளில், பூஞ்சை அந்த ரசாயனத்தை வேறொன்றாக மாற்றி, கோழி இறைச்சியே பூசண நாற்றம் அடித்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

குதிரை வைத்திருப்பதால் பட்டறைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது கறுப்பு வால்நட். மரச்சாமானுக்கு விரும்பி வாங்கும் மரம் அது. படுக்கையில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலே ஒரு நாளுக்குள் குதிரையின் குளம்புத் திசு வீங்கி நொண்ட ஆரம்பிக்கும். இழைத்த பிறகு எந்த மரம் என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மணம் தூக்கலான சீடார் வகைகளையும் தவிருங்கள். பைன் போன்ற உலர்ந்த மென்மரம்தான் வழக்கமான தேர்வு.

பேலட்டில் முத்திரை பாருங்கள். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர்ச் சின்னமும் எழுத்துகளும் பொறித்திருக்கும். எச்.டி. (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாகியிருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். முத்திரை இல்லாததையும் கறை படிந்ததையும் எடுக்காதீர்கள். பேலட்டின் மேல் என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது.

பேலட்டின் இன்னொரு தொல்லை ஆணி. ஒரு ஆணி பிளானர் கத்தியைக் கெடுத்துவிடும். உடைந்த துண்டு சீவலில் போனால் மேயும் விலங்கின் வயிற்றுக்குள் குத்தும். ஆணி அடித்த முனைகளை அறுத்து எறிந்துவிட்டு நடுப் பலகையை மட்டும் எடுப்பது ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குவதைவிட வேகம். கையில் பிடிக்கும் மலிவான மெட்டல் டிடெக்டரை ஒவ்வொரு பலகை மேலும் ஓட்டுங்கள். சீவலைக் கொட்டும் பாதையில் ஒரு பலமான காந்தத்தையும் வையுங்கள்.

பட்டறைத் துண்டுகள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும், பேலட் அப்படியில்லை. முள் குத்தி அளக்கும் ஈரமானியில் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கூரைக்கடியில் அடுக்கிக் காய விடுங்கள். ஈரச் சீவல் பூஞ்சை பிடிக்கும், அந்த வித்துகள் கோழிக்குஞ்சின் நுரையீரலைத் தாக்கும். பொடித் தூளைக் கம்பி வலையில் சலித்து நீக்குங்கள். குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும், குதிரைக்கு மூச்சிரைக்கும். மாட்டுப் பண்ணைகளில் ஈரமான மரத்தூளைக் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் மடிநோயோடு தொடர்புபடுத்துகிறார்கள். ஆடுகளைக் கறப்பதானால் அவற்றின் கீழும் பொடி வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருப்பதால், தூசு உறிஞ்சியும் நல்ல முகக்கவசமும் உங்களுக்கும் வேண்டும்.

கண்ணில் படாத ஆணியில் கத்தி உரசினால் பொறி பறக்கும். அது சீவலுக்குள் புதைந்து பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கக் கூடும். அன்றைக்குச் செய்த மூட்டையை நேராகக் கொட்டகைக்குக் கொண்டுபோகாமல், கட்டடத்தை விட்டுத் தள்ளி மழை படாத இடத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் கைவிட்டுச் சூடு பார்த்துப் பரப்புங்கள்.