விரித்த ரத்தக்குழாய் திடீரென மூடிக்கொண்டால்: ஆஞ்சியோபிளாஸ்டி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, விரித்த இடம் மறுபடி மூடிக்கொண்டதாக மருத்துவர் சொன்னார். அது எப்படி நேரும், ஐயா?

பதில்: பலூன் விரியும்போது குழாயின் உட்சுவரில் உள்ள கொழுப்புப் படிவு பிளந்துதான் வழி அகலமாகிறது. அந்தப் பிளவு ஆழமாகிவிட்டால், உரிந்த உட்படலம் மடல்போல எழுந்து ரத்தப் பாதையை மறிக்கிறது. காயம்பட்ட பரப்பில் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறையத் தொடங்குகிறது. சில வேளைகளில் குழாயே இறுகிச் சுருங்குவதும் உண்டு. சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேப்பின் எக்ஸ்ரே திரையில், குழாயைக் காட்டுவதற்காகச் செலுத்திய, அதுவரை ஓடிய சாயம் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும், நோயாளி நெஞ்சு வலிக்கிறது என்பார், பெரும்பாலும் இ.சி.ஜி. வரைபடத்தில் எஸ்.டி. எனப்படும் பகுதி மேலே எழும்பும்; இதயத் தசைக்கு ரத்தம் போகவில்லை என்பதன் அடையாளம் அது.

கேள்வி: அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்?

பதில்: மெல்லிய வழிகாட்டிக் கம்பி அடைப்பைத் தாண்டி உள்ளேயே இருந்தால் பாதி ஆபத்து நீங்கியது என்பேன். அதன் மேலேயே ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயைச் செலுத்தி, உரிந்த படலத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடலாம். அதனால்தான் கடைசிப் படம் திருப்தியாக இருக்கும்வரை அனுபவமுள்ளவர்கள் கம்பியை வெளியே எடுப்பதில்லை.

கேள்வி: முன்பெல்லாம் அறுவை சிகிச்சைக் குழுவைத் தயாராக வைத்திருப்பார்களாமே?

பதில்: ஆம். 1977 செப்டம்பரில் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது பலூன் மட்டுமே இருந்தது. அக்காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்குக் குழாய் இப்படி மூடியது, அவர்களில் பலருக்கு அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அவசர பைபாஸ் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 1993இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக ஒரு இதய ஸ்டென்ட்டை அனுமதித்ததே, மூடிக்கொள்ளும் குழாயைத் திறந்து நிறுத்துவதற்காகத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், அம்மா. உலோகக் கம்பிகளின் மேல் உட்படலம் முழுமையாகப் படர்வதற்கு முன் மருந்து நின்றால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். முதல் 30 நாட்கள் மிக அபாயமானவை என்றாலும், அதன் பிறகும் அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. பல் பிடுங்கிய இடத்தில் வரும் கசிவைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிட முடியும் என்பதால், பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே பல்லை எடுக்கிறார்கள். இரு மருத்துவர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி வற்புறுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் பழைய வலி திரும்பினால்?

பதில்: வாயுத் தொல்லை என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், ஸ்டென்ட் விவரம் எழுதிய அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.