வீட்டில் இருவர் படிக்க ஒரு நாவல்

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி மாவட்டப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணிபுரிந்து, ஓய்வுபெற்றுக் கோத்தகிரியில் வசித்து வரும் நம் நூல் பகுதி ஆசிரியர், நாவல்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு நாற்பத்து மூன்று வயது. மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். திருமணத்துக்கு முன் வார இதழ்த் தொடர்கதைகளை ஒன்று விடாமல் படித்தவள் நான். பிறகு இருபது ஆண்டுகளாக எதையும் படிக்கவில்லை. இப்போது மகளோடு சேர்ந்து மீண்டும் தொடங்க விரும்புகிறேன். அவளுக்குத் தனியாகவும் எனக்குத் தனியாகவும் நாவல்கள் வாங்க வேண்டுமா? – ஒரு வாசகி, கோத்தகிரி.

பதில்: தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை, அம்மா. தமிழில் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் பெரியவர்களுக்கான நாவல்கள்தாம். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கென்றே எழுதப்பட்டவை குறைவு. அது ஒரு குறைதான் என்றாலும், அதனாலேயே நம் வீடுகளில் தாய் பாதி படித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போன புத்தகத்தை மகள் எடுத்துப் படிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. அந்த வழக்கத்துக்கே திரும்புங்கள். இருவர் படிப்பதற்கு ஒரே நாவலை வாங்குங்கள். யார் முதலில் படிப்பது என்பதில் சிறு சண்டை வந்தால் இன்னும் நல்லது.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலிலிருந்து தொடங்கலாம். 1963இல் வெளிவந்த அந்த நாவல் நம் மலையைப் பற்றியது. மின்பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வந்து தங்கியவர் ராஜம் கிருஷ்ணன். அக்காலத்தில் தாம் நேரில் பழகி அறிந்த படகர் வாழ்க்கையை, ஜோகி என்னும் சிறுவன் வளர்ந்து முதுமை அடையும் காலத்தின் ஊடாக எழுதினார். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலை வேரூன்றுவதும், மாட்டுச் செல்வத்தின் இடத்தைப் பணம் பிடித்துக்கொள்வதும், ஹட்டியை, அதாவது படகர் சிற்றூரை, தாண்டாதவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கும் நகரத்துக்கும் போவதும், மின்திட்டம் வந்து சேர்வதும் அதில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் சுற்றுதான் கதையின் காலக் கணக்கு. பழனி மலையில் 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்தது. உங்கள் மகள் பிறந்த பிறகு ஒரே ஒருமுறைதான் அந்தப் பூ மலையை மூடியிருக்கிறது என்பதை அவளிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், அந்தக் கணக்கு எவ்வளவு மெதுவானது என்பது அவளுக்கு உடனே விளங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் சில அத்தியாயங்களில் பழக்கமில்லாத பெயர்களும் உறவுகளும் அடர்ந்து வருவதால் வேகம் குறைவாக இருக்கும். அங்கே மகள் புத்தகத்தை மூடிவிட்டால், அந்தப் பகுதியை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மற்றொன்று, பழைய ஹட்டி வாழ்க்கையை ஆசிரியர் சற்று அதிகமாகவே இனிமையாக்கிவிட்டார் என்பது என் எண்ணம். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இந்நாவலின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டியபோது, ஹட்டியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தச் சொல்லை எங்கள் பாட்டி வேறு மாதிரி சொல்லுவார்" என்றான். மறுநாள் பாட்டியிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கச் சொற்பட்டியலுடன் வந்தான். அந்த ஆண்டு நான் நடத்திய பாடங்களில் அதைவிடச் சிறந்த ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

அடுத்ததாக அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தின் நடுவே ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளின் கதை அது. குழாயடியில் குடத்துடன் காத்திருந்த அனுபவம் உள்ள எவருக்கும் அதன் முதல் பக்கமே போதும். அதில் ஜமுனாவின் வாழ்க்கை முழுவதும் உங்கள் மகளுக்கு இப்போது புரியாமல் போகலாம். ஐந்தாண்டுக்குப் பிறகு அவளே எடுத்து மறுபடி படிப்பாள். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) இருவருக்கும் ஒரே அளவில் பொருந்தும். ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நாவலில், ஆட்டுக்கும் அரசாங்கத்தில் பதிவு வாங்க வேண்டும் என்று கிழவனும் கிழவியும் வரிசையில் நிற்கும் இடத்தில் மகள் சிரிப்பாள், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நூறு பக்கத்தை எட்டாத நூல். உறைபனி விழும் ஒரு மாலையில் தொடங்கினால் இரவு உணவுக்குள் முடிந்துவிடும். பள்ளிப் பாடநூலைத் தவிர வேறெதையும் முழுதாக முடித்ததில்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் முதலில் கொடுப்பது வழக்கம்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குப் பூமணியின் 'வெக்கை' நாவலைப் படிக்கக் கொடுத்தேன். ஒரு மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்து, கொலை செய்யும் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. எந்த நாவலை எந்த வயதில் கொடுப்பது? – ஓர் ஆசிரியர், மஞ்சூர்.

பதில்: அந்தத் தந்தை கேட்டதில் தவறில்லை. அவர் அட்டையையோ, 2019இல் வெளிவந்த 'அசுரன்' திரைப்படத்தையோ மனத்தில் வைத்துக் கேட்டிருக்கக்கூடும். படம் வேறு, நாவல் வேறு. 1982இல் வெளிவந்த 'வெக்கை'யில் பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவது தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாவல் முழுவதும் தலைமறைவாகத் திரியும் மகனும் தந்தையும்தான்: எங்கே படுப்பது, எதைச் சமைப்பது, எந்த வழியில் போனால் ஆள் நடமாட்டம் இருக்காது, தாய் இப்போது எங்கே இருப்பாள் என்பவையே அதன் நிகழ்ச்சிகள். வெட்டியதைப் பெருமையாகப் பேசும் ஒரு பக்கத்தைக்கூட அதில் நான் காணவில்லை. பதினாறு வயது மாணவனுக்குத் தன் வயதுள்ள ஒருவனின் அச்சத்தையும், கடிந்துகொள்ளாமல் அவனோடு நடக்கும் ஒரு தந்தையையும் காட்டும் நாவல் தமிழில் வேறு எத்தனை இருக்கிறது? அந்தத் தந்தையை அழைத்து, நாவலைக் கையில் கொடுத்து, முதலில் அவரையே படிக்கச் சொல்லுங்கள். இருவர் படிக்க ஒரு நாவல் என்று மேலே கோத்தகிரி வாசகிக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்.

நான் படித்த பள்ளி ஒன்றில் நூலக அலமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி யாரிடம் என்பது எவருக்கும் தெரியாது. கண்ணாடி வழியாக முதுகட்டையில் இருந்த பெயர்களை மட்டும் படித்துப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, கொடுக்காதே என்று சொல்வதற்கு எனக்கு எளிதில் மனம் வருவதில்லை.

ஆயினும் எல்லை என்று ஒன்று உண்டு. ஒரு நாவலில் கொடுமை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தக் கொடுமையோடு படிப்பவனைத் தனியே விட்டுவிடுகிறதா என்று பார்ப்பதே என் வழக்கம். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) மிக முக்கியமான நாவல். நமக்கு அருகிலேயே உள்ள சத்தியமங்கலம் மலைப்பகுதியில், சந்தனக் கடத்தல்காரரைத் தேடிய காலத்தில் சோளகர் பழங்குடியினர் அனுபவித்த சித்திரவதையை அது எழுதுகிறது. அதைப் பதினெட்டு வயதுக்கு முன் கொடுக்க மாட்டேன். கொடுத்தாலும், படித்து முடித்த அன்று மாணவனுடன் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் கொடுப்பேன். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இதற்கு நடுவில் நிற்கிறது. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு திரியும் மாணவன் சந்திரசேகரன், ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த 1948ஆம் ஆண்டுக் கலவரத்தின் நடுவே சிக்குகிறான். பெரும்பகுதி நகைச்சுவை கலந்து ஓடுகிறது; கடைசிக் காட்சி மட்டும் திடீரென்று வாசகனை உலுக்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏற்றது. முடிவைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்காதீர்கள், முடித்த பிறகு பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன்முறை எதுவும் இல்லை என்பதற்காகவே ஒரு நாவல் இளையவர்களுக்கு ஏற்றதாகிவிடாது. பாத்திரங்கள் பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை சொல்லும் நாவல்களைப் பரிசளிப்பு விழாக்களில் வாங்கி, பிரிக்காமலே பரண்மேல் போட்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் பிழையில்லை.

கேள்வி: என் தாத்தாவும் பாட்டியும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் நாவல் இருக்கிறதா? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கூடலூர்.

பதில்: இருக்கிறது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போன தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குள்ளிருந்து பார்த்து எழுதிய நாவல். அதே 1964இல்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; அதன்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அரசு தேயிலைத் தோட்டங்கள் பெருகின. ஆகவே உங்கள் தாத்தா பாட்டியின் கதையில் அந்த நாவல் முடியும் இடத்துக்குப் பிறகும் ஒரு பாதி இருக்கிறது. அந்தப் பாதி அவர்கள் வாயில்தான் இருக்கிறது. கேட்டு எழுதி வையுங்கள்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நாவல் அன்று, நீண்ட சிறுகதை. ஆனால் இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துச் சென்ற கதையைப் படிக்க விரும்புவோர் அதைத் தவிர்க்க முடியாது. இந்தியப் பக்கத்துக் கதைக்கு 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய நாவல் அது. கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறி, ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியின் கணக்குப் புத்தகத்திலிருந்து மீள முடியாமல் போவதுதான் கதை. பனியும் மழையும் அட்டைக்கடியும் காய்ச்சலும் பக்கமெங்கும் இருக்கும். கொழுந்து பறித்துப் பழகிய கை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அவர்களுக்குச் சில பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். எது சரி, எது தவறு என்று திறனாய்வாளர்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கேள்வி: பேரனுக்குப் பதினான்கு வயது. ஆங்கிலத்தில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் தடித்த புத்தகங்களை இரண்டு நாளில் முடிக்கிறான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொடுத்தேன். முதல் பாகத்தில் பத்தாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டான். என்ன செய்வது? – ஓய்வுபெற்ற அரசு அலுவலர், குன்னூர்.

பதில்: ஐந்து பாகங்களை ஒன்றாக மேசைமேல் அடுக்கியதுதான் தவறு என்று நினைக்கிறேன், ஐயா. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படிப்பதற்காகக் கல்கி எழுதியதை, ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பக்கங்களாகக் கண்டால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அவற்றை உள்ளே வைத்துவிட்டு, அதே கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலைக் கொடுங்கள். அளவில் சிறியது, யார் அந்தச் சிவனடியார் என்ற கேள்வி கடைசி வரை இழுத்துச் செல்லும். அது பிடித்துவிட்டால் சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. மூவேந்தரும் சூழ்ந்து நிற்கும் பறம்பு மலையில் ஒவ்வொரு செடிக்கும் விலங்குக்கும் ஒரு பயனும் ஒரு கதையும் உண்டு. டிராகன் தேடும் பையனுக்கு அந்தக் காடு ஏமாற்றம் தராது. அளவில் பெரியதுதான், வேகமாக ஓடும்.

நாவல் என்ற வரையறைக்குள் அடங்காவிட்டாலும், ஜெயமோகனின் 'யானை டாக்டர்' என்னும் நெடுங்கதையைச் சொல்லாமல் விட முடியாது. டாப்ஸ்லிப் யானை முகாமோடு பெயர் இணைந்துவிட்ட கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்டது. சுற்றுலா வந்தவர்கள் வீசிய பீர் பாட்டில் யானையின் காலில் ஏறும் இடத்தைப் படித்த பிறகு, முதுமலைச் சாலையோரம் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பேரன் வேறு விதமாகப் பார்ப்பான். அவனுடைய ஆங்கிலப் புத்தகங்களை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். படிக்கும் பழக்கம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

தங்களுக்கு என்று ஒன்றும் கேட்கவில்லையே! சா. கந்தசாமியின் 'சாயாவனம்' படித்திருக்கிறீர்களா? கரும்பாலை கட்டுவதற்காக ஒருவன் ஒரு வனத்தை வெட்டியும் எரித்தும் அழிப்பதைத் தவிர அதில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆசிரியர் குரலை உயர்த்தவும் இல்லை. விபூதிபூஷண் வந்த்யோபாத்யாயவின் வங்க நாவலான 'வனவாசி' த.நா. சேனாபதியின் தமிழில் கிடைக்கிறது. காட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுக்க வந்த ஒருவன், அந்தக் காட்டின்மேல் மையல் கொண்டபடியே அதைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறான். தேயிலை மலையில் வாழ்நாளைக் கழித்த நம் போன்றவர்கள் அவனை எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது.

கேள்வி: நீங்கள் சொல்லும் புத்தகங்கள் மலையில் எங்கே கிடைக்கின்றன? – கல்லூரி மாணவர், உதகை.

பதில்: மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் முதலில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். 1859இல் தொடங்கிய பழைய நீலகிரி நூலகத்தின் பெருமை அதன் ஆங்கிலச் சேகரிப்பில்தான். தமிழ் நாவலுக்கு அங்கே போக வேண்டாம். கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன, விலையும் குறைவு. மற்றவற்றைக் கோவைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி விடலாம், அஞ்சலிலும் வரவழைக்கலாம். வாங்கிய பிறகு தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும் புத்தகங்களைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் அட்டையில் பூசணம் படர்ந்துவிடும். என் முதல் 'குறிஞ்சித் தேன்' அப்படித்தான் போயிற்று.