நடையை அளக்க எந்த சென்சாரை நம்பலாம்: கையிலா, இடுப்பிலா, காலிலா?

முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் நடை தேறுகிறதா என்று கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலிருந்தே பார்க்க எந்த சென்சார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பாதத்தில் கட்டுவதையே சொல்வேன்.

இந்தக் கருவிகள் அடியின் நீளத்தை நேரடியாக அளப்பதில்லை. அவை அளப்பது முடுக்கத்தை, அதாவது வேகம் மாறும் வீதத்தை; அதை இரண்டு தரம் தொகையிட்டுத்தான் தூரம் வருகிறது. அதில் சின்னப் பிழையும் நொடிக்கு நொடி பெருகும். ஆனால் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையில் ஒரு கணம் அசையாமல் இருக்கும். அப்போது வேகம் பூச்சியம் என்று வைத்து, சேர்ந்த பிழையை மென்பொருள் திருத்திவிடும். இடுப்புக்கும் கைக்கும் அந்த வசதி இல்லை.

அடிகளின் நேரம், நிமிடத்துக்கு எத்தனை அடி என்பவை மட்டும் போதுமென்றால் கீழ்முதுகில் கட்டுவதும் நல்லதுதான். கைக்கடிகாரம் வேண்டாம். வோக்கரைப் பிடித்து மெல்ல நடக்கையில் கை வீசாததால், கடிகாரம் அடிகளையே தவறவிடும்.

அடி அகலம், மூட்டுச் சுழற்சி ஆகியவற்றை எந்தக் கருவி சொன்னாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கருவியின் விவரத்தில் ‘நம்பகத்தன்மை 0.9’ (உச்சம் 1) என்று போட்டிருந்தால், திரும்ப அளந்தாலும் பெறுமானங்கள் ஒத்துவருகின்றன என்பது மட்டுமே உறுதி. அவை சரியான பெறுமானங்களா என்பது, பல கேமராக்கள் கொண்ட ஆய்வுகூட அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு தடவையும் அதே சப்பாத்து, அதே இடம். கடலோரக் காலி முகத்திடல் மாதிரி நேரான சமதளம் நல்லது. சனம் நிறைந்த காலி வீதி நடைபாதையில் ஆட்களுக்கு விலகி, ஏறி இறங்கி நடந்தால், மாறியது நடையா பாதையா என்று பிரிக்க முடியாது.