ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு எழுத்து மங்குவது ஏன்?

ஜேபெக் தரத்தை 60-லிருந்து 90-க்கு ஏற்றியும் சிவப்பு எழுத்து கலங்கலாகவே வருகிறது, பிஎன்ஜியில் வைத்தால் ஒவ்வொரு படமும் 2 எம்பி ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கோளாறு அந்த எண்ணில் இல்லை, நிறச் சுருக்கத்தில்தான். பல மென்பொருள்கள் ஜேபெக்கில் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும் (4:2:0). புகைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிக்சல் தடிமனுள்ள சிவப்புக் கோடோ பக்கத்துப் பிக்சலில் கசிந்து, சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும்.

சேமிக்கும்போது சப்சாம்பிளிங்கை (இந்த நிறக் குறைப்பு அமைப்பை) 4:4:4, அதாவது நிறத்தைக் குறைக்காத நிலை ஆக்கினால் ஓரளவு சரியாகும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஜேபெக்கே வேண்டாம் என்பேன். மூலப் படத்தை எடுத்து (ஏற்கெனவே கெட்ட ஜேபெக்கை அல்ல, போன விவரம் திரும்பாது) 256 நிற பிஎன்ஜியாக மாற்றுங்கள். கோப்பு நன்றாகவே இளைக்கும். நிறச்சாய்வு பட்டை பட்டையாகத் தெரிந்தால் வெப்பி (WebP) வடிவத்தில் லாஸ்லெஸ், அதாவது விவரம் இழக்காத முறை. வெப்பியின் லாஸி (விவரத்தை இழந்து சுருக்கும்) முறை எப்போதும் 4:2:0தான். அதில் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொன்று: ஸ்கிரீன்ஷாட்டின் நீள அகலத்தைக் குறைக்காதீர்கள், தேவையான பகுதியை மட்டும் வெட்டுங்கள். அப்படிக் குறைக்கும்போது எழுத்தோரங்களில் புதுப்புது இடைநிறங்கள் முளைக்கும். சில சமயம் பிஎன்ஜி முன்பைவிடப் பெருத்தும் போகும்.

புகைப்படங்களுக்கு ஜேபெக் தரம் 75–80 போதும், அகலம் திரையில் காட்டுவதைப்போல் இரு மடங்கு. ஏவிஐஎஃப் (AVIF) என்ற பட வடிவத்துக்கு மாறினால் அதே 80-ஐப் போடாதீர்கள், அந்த அளவுகோலே வேறு. 50-இல் தொடங்கி, கண்ணால் பார்த்து ஏற்றுங்கள்.