ஏரிக்கரையில் பழைய காசும் தொலைந்த நகையும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்காவில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில், மஸ்கீகன் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறேன். மெட்டல் டிடெக்டரோடு கரையில் நடக்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. போன வாரம் கிடைத்த ஒரு வெள்ளிக் காசின் படத்தைப் போட்டதும் நிறைய பேர் கேள்வி அனுப்பினீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கருவி வாங்கலாம்? ஆயிரம் டாலர் ஆகுமா?

வேண்டாம். கடல் என்றால் உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், சாதாரணக் கருவி கத்திக்கொண்டே இருக்கும், அதற்குப் பல அலைவரிசையில் ஓடும் கருவியோ விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் வகையோ தேவைப்படும். ஏரி நல்ல தண்ணீர்தானே, ஒரே அலைவரிசையில் ஓடும் கருவியே போதும். ஆனால் முழுக்கருவியும் தண்ணீர் புகாததாக இருக்கவேண்டும், காயில் என்கிற அடிவட்டத் தகடு மட்டும் நனையலாம் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். மிச்சப் பணத்தில் மணலை வாரிச் சலிக்க நல்ல ஸ்டீல் ஸ்கூப் வாங்குங்கள். முழங்கால் தண்ணீரில் பிளாஸ்டிக் ஸ்கூப் ஒரே நாளில் முறிந்துவிடும். கரையில் கருப்பு மணல் கோடுகோடாகப் படிந்திருக்கும், அதில் இரும்புத்தாது உண்டு. அங்கே போனதும் காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கருவியை அந்த மண்ணுக்குப் பழக்கிவிட்டுத்தான் (இதற்குப் பெயர் கிரவுண்ட் பேலன்ஸ்) தேடவேண்டும்.

கேள்வி: கரை மைல் கணக்கில் நீளுகிறது. எங்கே தேடுவது?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. எல்லாரும் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள், கரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

முதலில் தண்ணீர் மட்டம். மிச்சிகன் ஏரியில் கடல் மாதிரி ஏற்ற இறக்க அலை கிடையாது, ஆனால் வருடக்கணக்கில் மட்டம் ஏறி இறங்கும். 1964இல் மிகவும் கீழே போனது, 1986இல் உச்சம், 2013 ஜனவரியில் மறுபடி அடிமட்டம், 2020 கோடையில் மறுபடி உச்சம். 2013க்கும் 2020க்கும் நடுவில் மட்டும் சுமார் 6 அடி வித்தியாசம். சரிவு குறைந்த கரையில் 6 அடி என்றால் தண்ணீர் விளிம்பு எவ்வளவு தூரம் நகரும் என்று யோசித்துப் பாருங்கள். 1964இல் இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்தவர் தவறவிட்ட காசு இன்று ஆழத்தில் கிடக்கிறது. 1986இல் குளித்தவர் விட்ட மோதிரமோ இன்று துண்டு விரித்துப் படுக்கிற காய்ந்த மணலுக்கு அடியில் இருக்கலாம். அதனால் நான் ஒரு ஏரிக்கரைக்குப் போகுமுன் அந்த ஊர் நூலகத்தில் பழைய போட்டோ பார்ப்பேன். குளிக்கும் இடம், படகுத்துறை, நடனக்கூடம் எங்கே இருந்தன, அப்போது தண்ணீர் எதுவரை வந்தது, அவ்வளவையும் குறித்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

அடுத்தது காற்று. மேற்கிலிருந்து இரண்டு நாள் பலமாக அடித்தால் மேல் மணலை வாரிக்கொண்டு போய்விடும். மணலுக்கு அடியில் சாம்பல் நிறக் களிமண் இருக்கிறது. கனமான பொருள் எதுவானாலும் மணலுக்குள் இறங்கி இறங்கி அந்தக் களிமண்ணில்தான் உட்காரும். நவம்பர் புயல் முடிந்த மறுநாள் விடியற்காலை, களிமண் வெளியே தெரிகிற இடம்தான் எனக்குத் தேவை. போன வாரக் காசும் அப்படிக் கிடைத்ததுதான். சவுத் ஹேவன் பக்கம், கை நிறைய ஒரு களிமண் உருண்டை. விரலால் பிளந்ததும் காசு ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டு வந்தது, மறுபாதியில் அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது: இறக்கை வைத்த தொப்பியோடு ஒரு பெண் முகம், 1941 என்ற எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி. காசை எடுத்துப் பையில் போட்ட பிறகும் அந்தக் களிமண் பாதியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இன்னொரு அடையாளம் ஈயம். தூண்டில் குண்டுகள் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கினால் இடத்தைவிட்டு நகராதீர்கள். கனமானதை எல்லாம் அலை ஒரே இடத்தில் சேர்க்கும். பாட்டில் மூடியும் அலுமினியத் தகடும் மட்டுமே வந்தால் அது லேசான பொருள் ஒதுங்கும் வரிசை, இன்னும் பத்தடி தள்ளி நடங்கள்.

கேள்வி: வெள்ளிக் காசு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருடம் பாருங்கள். அமெரிக்க 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் மூன்றும் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 சதவீதம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, சில 5 சென்ட் காசுகளிலும் 35 சதவீதம் உண்டு. பென்னி என்கிற 1 சென்ட் காசு 1982 நடுவில் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறிவிட்டது. செம்பு முலாம் பூசிய அந்தத் துத்தநாகக் காசு ஈரமண்ணில் சில வருடத்திலேயே அரித்து ஓரம் கடித்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: குப்பை சிக்னலை அணைத்துவிட்டுத் தேடினால் வேகமாகத் தேடலாமே?

வேகமாகத் தேடலாம், தங்கம் கிடைக்காது. கருவி ஒவ்வொரு உலோகத்துக்கும் திரையில் ஒரு எண் காட்டும். தங்க மோதிரத்தின் எண்ணும் சோடா கேன் திறக்கும் வளையத்தின் எண்ணும் 5 சென்ட் காசின் எண்ணும் திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வரும். ஒன்றை அணைத்தால் மூன்றும் போச்சு. என் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வீணானது. இப்போது இரும்பைத் தவிர எல்லாவற்றையும் தோண்டுகிறேன். தோண்டிய குப்பையைத் திரும்பப் போடாமல் இடுப்புப்பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள், குழியையும் மூடுங்கள். குழந்தைகள் ஓடும் இடம் அது.

கேள்வி: கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? அம்மா குத்துவிளக்கை அப்படித்தான் துலக்குவார்.

ஐயோ, தேய்க்கவே தேய்க்காதீர்கள். விளக்கு தினமும் துலக்குவதற்கு, காசு அப்படியில்லை. புளியின் அமிலம் மேல்படலத்தை எடுத்துவிடும், அதோடு காசின் மதிப்பும் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவிட்டு, மண் தானாக இளகியதும் மெல்லக் கழுவி ஒற்றி எடுத்தால் போதும்.

கேள்வி: சட்டப்படி சரியா? ஊருக்குப் போகும்போது எங்கள் ஏரியிலும் தேடிப் பார்க்கலாமா?

இங்கே இடத்துக்கு இடம் மாறும். ஸ்லீப்பிங் பேர் டூன்ஸ், பிக்சர்ட் ராக்ஸ், இண்டியானா டூன்ஸ் போன்ற தேசியப் பூங்கா நிலங்களில் டிடெக்டர் பயன்படுத்தத் தடை. மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் சிலவற்றில் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் தேடலாம், கிடைத்ததை ஊழியரிடம் காட்டவேண்டும். முதலில் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். உடைந்த கப்பலின் ஆணி ஒன்று கிடைத்தால்கூட எடுக்காதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி கைவிடப்பட்ட கப்பல்கள் அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தம்.

ஊர் விஷயம் வேறு. இந்தியப் புதையல் சட்டம் 1878இல் வந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். சட்டத்தை விடுங்கள், கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்ததால்தான் அந்த ஊரின் பழைய வணிகம் நமக்குத் தெரியவந்தது. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் உலோகத்துண்டு. ஊருக்கு டிடெக்டர் எடுத்துப் போகாதீர்கள். உழும்போது தற்செயலாக ஏதாவது கிடைத்தால் தாசில்தாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தனியாகப் போவது ஆபத்தில்லையா?

தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் நான் தனியாகப் போவதே இல்லை. ஏரிதானே என்று நினைக்கக்கூடாது. 1954 ஜூன் 26 அன்று சிகாகோவில், புயல்காற்று கடந்து போனபின் ஏரித்தண்ணீர் திடீரென்று எழும்பி வந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துப் போனதில் 8 பேர் இறந்தார்கள். காதில் ஹெட்போன், கண் தரையில், அலை வருவதே தெரியாது. மார்பளவு ரப்பர் உடுப்பு போட்டால் இடுப்பில் பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விழுந்ததும் உள்ளே தண்ணீர் நிறையும்.

கேள்வி: அக்கா, ஆகஸ்டில் கிராண்ட் ஹேவனில் குளித்தபோது அலையில் என் தாலிச்சங்கிலி போய்விட்டது. ஆறு பவுன். வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. இனி கிடைக்குமா?

மனசு கஷ்டமாக இருக்கிறது, அம்மா. உண்மையைச் சொல்கிறேன். சங்கிலியைக் கண்டுபிடிப்பது மோதிரத்தைவிடக் கடினம். மோதிரம் ஒரே முழு வளையம், சத்தமாகப் பேசும். சங்கிலியில் கண்ணிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமல் கிடப்பதால் கருவிக்கு அது தனித்தனிச் சிறு துண்டுகளாகத்தான் தெரியும், சாக்லேட் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய முனகல் வரும். ஆனால் உங்களுடையதில் திருமாங்கல்யம் கோத்திருக்கிறது, அது தட்டையான முழுத்தங்கம், அதற்கு நல்ல சிக்னல் வரும். கனமானதால் தூரம் போயிருக்காது, நேர் கீழே இறங்கியிருக்கும்.

எனக்கு வேண்டியது இடம். அன்று எடுத்த எல்லாப் போட்டோவையும் அனுப்புங்கள், நீங்கள் இல்லாத போட்டோ ஆனாலும் பரவாயில்லை. அங்கே ஏரிக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரில் இரண்டு சிவப்புக் கலங்கரை விளக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். படத்தில் அவை இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்பதை வைத்து, கரையில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் உங்களுக்கு இடுப்பளவா, மார்பளவா? உங்கள் உயரம் எவ்வளவு? சங்கிலி போனது தெரிவதற்கு முன் எந்தப் பக்கமாக நடந்தீர்கள்? இதையெல்லாம் மறக்குமுன் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். பூங்கா அலுவலகத்தில் நான் பேசுகிறேன். அங்கே தொலைந்த பொருள் பதிவேட்டில் உங்கள் பெயரும் போனும் இருக்கட்டும், வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் அங்கேதான் வரும். பனி உருகிய பிறகு, மே மாதம் முதல் சனிக்கிழமை, நானும் என்னோடு வரும் தோழியும் கயிறு கட்டிக் கட்டம் பிரித்துத் தேடுகிறோம். நீங்களும் வாருங்கள், நின்ற இடத்தைக் காட்டவேண்டும்.